கதவைச் சாத்திக்கொண்டு காருக்குக் கோடு அடிக்கும் தம்பிமாருக்கு

போன ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை மணி இருக்கும். கராஜைப் பூட்டிவிட்டு வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. இறங்கியவன் டிக்கோயாப் பக்கத்துப் பையன், வயது 22. மூடின கொட்டிலுக்குள் தன் காருக்கு ஸ்ப்ரே கேனால் கோடு அடிக்கப்போய் நெருப்புப் பட்டவன். வலது கையை ஈரத் துவாயால் சுற்றியிருந்தான். ஒரு புருவம் பாதிதான் இருந்தது. முன்முடி சுருண்டு, கோழி வாட்டின வாசம் அடித்தது. துவாயை விலக்கிப் பார்த்தால் புறங்கை முழுக்கப் பற்பசை பூசி வைத்திருக்கிறான். அந்த நிலையிலும் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “அண்ணே, பொனட்டுல ஒரு பக்கம் பொங்கிருச்சு. கோட்ட மட்டும் சரி பண்ணித் தர ஏலுமா?”

கோட்டை அப்புறம் பார்க்கலாம் என்று அவனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பற்பசையைக் கழுவி, ஓடுகிற தண்ணீருக்குக் கீழே 20 நிமிடம் கையைப் பிடித்து வைத்தேன். குளிரில் நடுங்கினான், விடவில்லை. பிறகு சுத்தமான துணியைத் தளர்வாகப் போர்த்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தீக்காயத்தில் பற்பசை, தேங்காயெண்ணெய், மஞ்சள் எதையும் பூசாதீர்கள். சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கிற வேலை அது. டொக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது பையன் பட்ட வேதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இந்த வருஷம் இது மூன்றாவது. முதலில் தலவாக்கலைப் பக்கம் ஒருவர், ஸ்ப்ரே கேன் குளிரில் சரியாகப் பீச்சவில்லை என்று அதை அடுப்பில் கொதிக்கிற தண்ணீருக்குள் வைத்தார். கேன் வெடித்துக் கூரைத் தகரத்தைக் கிழித்தது. அவர் அந்த நேரம் வாசலில் போன் பேசிக்கொண்டு நின்றதால் தப்பினார். அடுத்தது தோட்டத்து வரிசை வீடுகளான ஒரு லயத்தில். வீட்டுக்குள்ளேயே பம்பரை வைத்து க்ளியர், அதாவது நிறத்துக்கு மேல் போடுகிற மினுக்கப் பூச்சு, அடித்திருக்கிறார்கள், அடுத்த காம்பராவில் இருந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூச்சு இழுப்பு வந்து நடுராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இப்போது இந்தப் பையன். மூன்று பேருமே வேலை தெரிந்த, கவனமான ஆட்கள். மூன்று இடத்திலும் நடந்த பிழை ஒன்றேதான், குளிரோடு மல்லுக்கட்டியது: கதவைச் சாத்தினார்கள், இல்லாவிட்டால் இல்லாத சூட்டை உண்டாக்கப் பார்த்தார்கள்.

நான் 24 வருஷமாக ஹட்டனில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். வீட்டில் யாரும் தொடவே கூடாது, எல்லாரும் என் கராஜுக்கு வந்து காசைக் கொட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்கள் மறுபடி உள்ளே வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருஷத்தில் பழைய சன்னிக்கும் கொரோலாவுக்கும் அல்ட்டோவுக்கும் பவுன் மாதிரி விலை ஏறிவிட்டது. வேறு கார் வாங்க வழியில்லாதவன் இருக்கிற காரை அழகு பார்க்கிறான். அதில் என்ன பிழை? ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் சீசன், மஹகஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப் போட்டி. அதைப் பார்த்துவிட்டு வருகிற பையனுக்குத் தன் காரிலும் இரண்டு கோடு ஓட வேண்டும் என்று ஆசை வருவது இயல்பு. வெள்ளைக் காரில் இரண்டு நீலக் கோடு என்பது 1951இல் பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் போட்டிக்கு பிரிக்ஸ் கனிங்ஹாம் என்ற அமெரிக்கர் கொண்டுபோன கார்களோடு பெயர் பெற்ற அலங்காரம். 70 வருஷம் தாண்டியும் கண்ணுக்கு அலுக்காத வடிவம் அது. எனக்கும் பிடிக்கும்.

காசும் புரிகிறது. கராஜில் கொடுத்தால் கூலி, பெயின்ட், க்ளியர் எல்லாம் சேர்ந்து ஒரு மாதச் சம்பளத்தைக் கடித்துவிடும். கடையில் இரண்டு கேன், ஒரு மாஸ்கிங் டேப், ரெண்டு தாள் வோட்டர் பேப்பர் வாங்கினால் முடிந்தது என்று கணக்குப் போடுகிறீர்கள். கணக்குச் சரிதான். வெயிலை மட்டும் அதில் சேர்க்காமல் விட்டுவிடுகிறீர்கள்.

இணையத்தில் நீங்கள் பார்க்கிற வீடியோ எல்லாம் வெயில் ஊரில் எடுத்தது. நாம் இருப்பது ஹட்டன் என்றால் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். பின்னேரம் மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் துவைத்துப் போட்ட சட்டையே காயாது. கொழும்பில் பத்து நிமிடத்தில் இறுகுகிற பெயின்ட் இங்கே அரை மணி நேரத்துக்குப் பிசுபிசுக்கும். பொறுமை போகிறது. உடனே கொட்டிலைச் சுற்றிப் பொலிதீன் கட்டி, உள்ளே காஸ் அடுப்பையோ கரிச்சட்டியையோ வைக்கிறீர்கள். டிக்கோயாப் பையன் செய்தது அதுதான்.

பெயின்டை இளக்கக் கலக்கிற தின்னரின் ஆவி காற்றை விடக் கனமானது. மேலே பறந்து போகாது. தரையோடு தரையாக, கண்ணுக்குத் தெரியாமல், தண்ணீர் மாதிரிப் பள்ளத்தைத் தேடி ஓடும். அடுப்பு இருப்பதும் தரையில்தான். தின்னரில் கலக்கிற தொலுயீன் பற்றிக்கொள்ள 4 பாகை செல்சியஸ் போதும். அசிட்டோனுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையிலும் பற்றுகிற குணம் உண்டு. ஆகவே “குளிர்தானே அண்ணே, பத்தாது” என்ற பேச்சே வேண்டாம். நுவரெலியாவில் புல்லில் உறைபனி படிகிற விடியற்காலையிலும் அது பற்றும். கேனுக்குள்ளிருந்து பெயின்டைத் தள்ளிவிடுகிற வாயுவும் பலவற்றில் உங்கள் சமையல் காஸின் இனம்தான். அடுப்பு, சிகரெட், மின்சார ஹீட்டர், சுவிட்ச் போடும்போது வரும் சின்னப் பொறி, எது கிடைத்தாலும் அதற்குப் போதும். கரிச்சட்டி வைக்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் கூடவே வருகிறது. மூடின இடத்தில் கரி புகைந்தால் வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசமே இல்லை. தலைவலி என்று உட்காருகிறவர் எழும்பாமலே போகலாம்.

கேனை அடுப்பில் வைக்காதீர்கள். 50 பாகைக்கு மேல் சூடாக்காதே என்று பெரும்பாலான கேன்களில் அச்சடித்தே இருக்கிறது. குளிரில் பீச்சல் சோர்ந்திருந்தால், விரலை விட்டுப் பார்த்துச் சுடாத வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாளியில் எடுத்து, அடுப்பை விட்டுத் தள்ளிவைத்து, ஐந்து நிமிடம் கேனை நிறுத்துங்கள். பிறகு உள்ளே குண்டு கிலுகிலுக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் விடாமல் குலுக்குங்கள். அவ்வளவுதான் தேவை.

இனி மாஸ்க். இதைப் பற்றி நான் எத்தனை தடவை கத்தியிருக்கிறேனோ தெரியாது.

“கதவைச் சாத்தினாலும் மாஸ்க் போட்டிருந்தேன் அண்ணே” என்று எல்லாரும் சொல்கிறார்கள். என்ன மாஸ்க்? கொவிட் காலத்தில் வாங்கி அலுமாரியில் கிடந்த நீல மாஸ்க். இல்லாவிட்டால் துணி மாஸ்க். சிலர் ஈரக் கைக்குட்டை. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அந்த மாஸ்கைப் போட்டுக்கொண்டு, வெளியில் நின்று, தின்னர் போத்தலின் மூடியை ஒரு வினாடி திறந்து மூடுங்கள். வாசம் வந்ததா? வந்தால் மாஸ்க் அதை நிறுத்தவில்லை. நிறுத்தவே நிறுத்தாது. அந்த மாஸ்க் துளியையும் கொஞ்சம் தூசியையும் பிடிக்கிற துணி. ஆவி என்பது காற்றோடு காற்றாகக் கலந்து போனது. நீங்கள் மூச்சு விடுகிற காற்று போகிற ஓட்டையால் அதுவும் போகும். தேயிலைச் சாயம் துணி வடியால் வடிகிறதல்லவா? தூள்தான் மேலே தங்கும், சாயம் கீழே இறங்கும். நீங்கள் முகத்தில் கட்டியிருப்பது அந்த வடித்துணி. தூள் நின்றதைப் பார்த்துவிட்டுச் சாயமும் நின்றுவிட்டது என்று நினைக்கிறீர்கள். மாஸ்கின் வெளிப்பக்கம் பெயின்ட் நிறமாகியிருப்பதைக் காட்டி “பாருங்க, எல்லாம் இதுலயே பிடிச்சிருக்கு” என்று என்னிடம் வாதாடினவர்கள் உண்டு. பிடித்தது நிறம் மட்டும்தான், ஆவி அப்படியே உள்ளே போய்விட்டது.

ஆவியை நிறுத்துவது கரி அடைத்த காட்ரிஜ் மாட்டுகிற ரப்பர் மாஸ்க். கரிம ஆவிக்கான காட்ரிஜ் என்று கேட்டு வாங்க வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் அதற்குப் பழுப்புப் பட்டை, அமெரிக்கத் தரத்தில் கறுப்பு. அதன் முன்னால் துளிகளைப் பிடிக்க ஒரு வடியும் மாட்ட வேண்டும். தாடி வைத்திருந்தால் ரப்பர் தோலில் படியாது, ஓரத்தால் ஆவி உள்ளே வரும். பெட்டியைத் திறந்து சுவரில் தொங்கவிட்ட காட்ரிஜ் சும்மா இருந்தே செத்துவிடும். வேலை முடிந்ததும் இறுகக் கட்டின பையில் போட்டு வையுங்கள். சாதாரண கேன் பெயின்டைத் திறந்த வெளியில் அடிக்க இது போதும்.

2கே க்ளியருக்கு இதுவும் போதாது. பெயின்டை இறுக வைக்கிற ஹார்ட்னரோடு வருகிறதே, கேனின் அடியில் ஒரு பொத்தானை அமுக்கினால் கலக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். “ஒரிஜினல் மாதிரி மினுங்கணும்” என்று எல்லாரும் அதைத்தான் தேடி வாங்குகிறீர்கள். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அதற்கு உங்களை எச்சரிக்கிற அளவுக்கு வாசம் இல்லை. தின்னருக்கு நான் சொன்ன மூக்குச் சோதனை இங்கே செல்லாது. மூக்குக்கு ஒன்றும் தெரியாமலே நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருக்கும். அடிக்கிற நேரம் ஒன்றும் செய்யாமல், இரவு படுத்த பிறகு இருமலும் நெஞ்சிறுக்கமும் வருவதுண்டு. அதனால்தான் பலர் அதைப் பனி இருமல் என்று நினைத்து மல்லித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறார்கள். ஒருமுறை உடம்பு அதற்கு எதிரியாகிவிட்டால் அதன் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைக்கும். அந்தப் பொருளை விட்டு விலகி இருப்பதுதான் அதற்குப் பிறகு உள்ள வழி. பெரிய பட்டறைகளில் சுத்தமான காற்றைக் குழாய் வழியாக முகமூடிக்குள் அனுப்பித்தான் இதை அடிக்கிறார்கள். தோலாலும் இது இறங்கும், கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

அடுத்தது பால். இதைக் கேட்டால் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். “பெயின்ட் அடிச்சிட்டு ஒரு கிளாஸ் பால் குடிச்சா எல்லாம் இறங்கிரும்.” யார் சொன்னது? பழைய பாஸ்மார் சொன்னது. பால் எங்கே போகிறது? வயிற்றுக்கு. ஆவி எங்கே போகிறது? நெஞ்சுக்கு. இரண்டும் இரண்டு வழி. தொண்டைக்குக் கீழே அவை சந்திப்பதில்லை. பால் குடித்தால் தொண்டைக் கரகரப்புக் கொஞ்சம் அடங்கும், அதை வைத்துக் குணமாகிவிட்டது என்று நம்புகிறோம். வெல்லமும் அப்படித்தான், வாழைப்பழமும் அப்படித்தான், இளநீரும் அப்படித்தான். சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் “பால் வாங்கி வச்சிருக்கேன், பயமில்ல” என்று சொல்லிக்கொண்டு மூடின அறைக்குள் கேனைத் திறக்காதீர்கள்.

எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்த பாஸ் ஒரு நாள் தவறாமல் பால் குடித்தவர். வேலை முடிந்து கை கழுவியதும் எதிர்க் கடையிலிருந்து ஒரு கிளாஸ் சூடான பால் வரும். எனக்கும் பாதி ஊற்றித் தருவார். 2கே புதிதாக வந்த காலம், முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டுதான் அடித்தோம். 46 வயதில் அவருக்கு இழுப்பு வந்தது. முதலில் மாதத்துக்கு ஒருமுறை, பிறகு க்ளியர் டின்னைத் திறந்தாலே. கடைசியில் ஸ்ப்ரே கன்னை என் கையில் கொடுத்துவிட்டு மரக்கறிக் கடை போட்டார். ஒரு கதவின் வளைவில் பெயின்ட் வழியாமல் ஒரே வீச்சில் அடிக்கிற கை அது. அந்தக் கை கரட் நிறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த நாளிலிருந்துதான் நான் காட்ரிஜ் மாஸ்க் போடத் தொடங்கினேன். என் பட்டறையில் பையன்கள் யாரும் அது இல்லாமல் கன்னைத் தொட முடியாது.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன், 2கே க்ளியரை வீட்டில் அடிக்காதீர்கள். சாதாரண அக்ரிலிக் கேன் க்ளியர் போடுங்கள். மினுக்கம் கொஞ்சம் குறையும், இரண்டு வருஷம் முந்தி மங்கும். மங்கட்டும், மறுபடி அடிக்கலாம்.

லயத்தில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நானும் லயத்தில் பிறந்தவன்தான். 10க்கு 12 அடிக் காம்பராக்கள், ஒரே கூரை. சில லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் கடைசி வீட்டுக்கு வாசம் வருகிறது என்றால், ஒரு வீட்டில் பெயின்ட் அடித்தால் எங்கே போகும்? உங்களுக்காவது அடிக்கிறோம் என்று தெரியும். பக்கத்துக் காம்பராவில் ஏணையில் தூங்குகிற பிள்ளைக்குத் தெரியுமா? இழுப்பு உள்ள பெரியவர்கள் வரிசைக்கு ஒருவராவது இருப்பார்கள். வீட்டுக்குள்ளே வேண்டாம், இஸ்தோப்பிலும் வேண்டாம். காரை மைதானத்துப் பக்கம் கொண்டுபோங்கள்.

திறந்த வெளியில் அடித்தால் காயுமா என்று கேட்பீர்கள். காயும். நேரம் பார்த்து அடிக்க வேண்டும். இது எனக்குச் சோறு போடுகிற அறிவு, இலவசமாகச் சொல்கிறேன்.

ஐஸ் தண்ணீர் ஊற்றின கிளாஸ் வெளிப்பக்கம் வேர்க்கிறதல்லவா? தின்னர் ஆவியாகும்போது தகரத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, பெயின்ட் படிந்த இடம் சில்லிட்டுப் போகிறது. காற்றில் ஈரம் கூடியிருந்தால் அந்த இடம் வேர்த்து, ஈரம் பெயின்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அடித்த கோட்டில் பால் கலந்த மாதிரி ஒரு வெளிறல் வரும். “பெயின்ட் போலி அண்ணே” என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள். பெயின்டில் பிழை இல்லை, பின்னேரம் நாலு மணிக்கு அடித்ததுதான் பிழை. எங்கள் மேற்குப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரலில் காலை வெயில் இருக்கும், மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும். மே தொடங்கித் தென்மேற்குப் பருவம், அப்போது தொடவே தொடாதீர்கள். பண்டாரவளை, பதுளைப் பக்கம் நேர்மாறு, அங்கே மழை அதிகம் வடகீழ்ப் பருவத்தில்தான். நாளில் காலை பத்திலிருந்து பகல் ஒரு மணிக்குள். பனித் துளி காய்ந்து, பொனட்டில் புறங்கையை வைத்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும். கொதிக்கிற வெயிலும் ஆகாது, பெயின்ட் தகரத்தில் படுமுன்னே காய்ந்து சொரசொரக்கும்.

அடிக்கிற வேலை 20 நிமிடம். அதற்கு முந்திய ஒன்றரை நாள்தான் வேலை. பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பெற்றோலில் துணியை நனைத்துத் துடைக்காதீர்கள், மண்ணெண்ணெயில் அதைவிட வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். பொலிஷில் உள்ள சிலிக்கன் ஒரு பொட்டு மிஞ்சியிருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் விலகி மீன் கண் மாதிரிக் குழி விழும். கடையில் மெழுகு நீக்கி கிடைக்கும், அதால் துடையுங்கள். பிறகு 800 அல்லது 1,000 நம்பர் வோட்டர் பேப்பரைத் தண்ணீரோடு தேயுங்கள். மினுக்கம் முழுக்கப் போய், சிலேட் மாதிரி மங்க வேண்டும். மினுங்குகிற இடத்தில் பெயின்ட் பிடிக்காது, அடுத்த மழையில் தோல் உரிகிற மாதிரி உரியும். கேட்டுக்கு அடிக்கிற எனாமலில் கோடு போட்டு, அதன் மேல் கேன் க்ளியர் அடித்துச் சுருங்கிப்போய் வருகிற கார்களை எண்ணி முடியாது. எனாமலின் மேல் காரமான தின்னர் பட்டால் அது கொப்பளிக்கும். கோடும் க்ளியரும் ஒரே வகையாக இருக்கட்டும்.

கோட்டை நேராக்க நீர்மட்டம் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மலையில் எந்த முற்றம் சமமாக இருக்கிறது? வீலுக்குக் கல் வைத்து நிறுத்துங்கள், காரின் சொந்த அளவையே பிடியுங்கள். பொனட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் அளந்து முன்னாலும் பின்னாலும் நடுப்புள்ளி குறித்து, கொத்தனார் நூல் ஒன்றைக் கட்டி இழுங்கள். பிறகு 15 அடி தள்ளிப்போய்க் குந்தியிருந்து பாருங்கள். உங்கள் கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தால் அளவு நாடா என்ன சொன்னாலும் அது கோணல்தான்.

டேப்பில் காசைப் பிடிக்காதீர்கள். சுவர்ப் பெயின்டுக்கு விற்கிற மலிவு டேப்பின் ஓரத்தால் பெயின்ட் கசியும். கோட்டின் விளிம்புக்கு மட்டுமாவது மெல்லிய பிளாஸ்டிக் டேப், மேலே காகிதம் ஒட்டச் சாதாரண டேப். பத்திரிகைத் தாளை ஒற்றையாக ஒட்டினால் தின்னர் ஊறி அச்சு மை காரில் இறங்கும், பழுப்புத் தாள் போடுங்கள். டேப்பை ஒட்டினதும் விளிம்பை நகத்தால் அழுத்திக்கொண்டே போங்கள். இந்த வேலைக்காகவே என் வலது கட்டைவிரல் நகத்தை நான் ஒட்ட வெட்டுவதில்லை. அடுத்தது விஷயம் தெரிந்தவர்கள் செய்வது: கோட்டு நிறத்தை அடிக்குமுன் டேப்பின் விளிம்பில் க்ளியரை மிக மெல்லியதாக ஒரு தடவை தூவுங்கள். கசிகிற இடம் இருந்தால் க்ளியர் போய் அடைத்துவிடும், பிறகு வருகிற நீலத்துக்கு வழி இருக்காது.

ஒரு சாண் தூரத்தில் கேனைப் பிடியுங்கள். முதல் பூச்சு தூறல் மாதிரி, அடியிலுள்ள நிறம் தெரியத்தான் வேண்டும். ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் வழியும். நம் குளிருக்கு ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் 20 நிமிடம் விடுங்கள். கடைசிப் பூச்சு தொட்டால் ஒட்டாத அளவுக்கு வந்ததும், முழுக்க இறுகுமுன், டேப்பை உரியுங்கள். மேல்நோக்கி இழுக்காதீர்கள். டேப்பைத் தன் மேலேயே மடித்து, கோட்டை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்த்து, மெதுவாக இழுங்கள். சர்ரென்று ஒரே சத்தமாக வர வேண்டும், விட்டு விட்டு வந்தால் நிறுத்திப் பாருங்கள், எங்கோ பெயின்ட் கூடவே எழும்புகிறது. ஒரு மாதத்துக்குப் பொலிஷ் வேண்டாம்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், வெளியே விரித்துக் காயவிடுங்கள். மிச்சத் தின்னரைக் கானில் ஊற்றாதீர்கள். கீழ் லயத்தில் பீலித் தண்ணீர் பிடிக்கிறார்கள். டிக்கோயாப் பக்கத்துக் கான் எல்லாம் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது, அங்கிருந்து களனி கங்கைக்கு. யாருக்காவது மூச்சு இறுகினாலோ, நெருப்புப் பட்டாலோ, முதலில் திறந்த காற்றுக்குக் கொண்டுவாருங்கள், 1990க்கு அடியுங்கள். அம்பியூலன்ஸ் இலவசம். என்ன பெயின்ட் அடித்தீர்கள் என்று டொக்டருக்குக் காட்டக் கேனையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

காரின் நிறம் பதிவுச் சான்றிதழில் எழுதியிருக்கிறது. இரண்டு கோடு அடித்தால் வெள்ளைக் கார் வெள்ளைக் கார்தான். பொனட், கூரை, டிக்கி எல்லாவற்றையும் மாற்றி அடிக்கிற எண்ணம் இருந்தால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

திறந்த இடமே இல்லாதவர்கள், வீட்டில் இழுப்புக்காரர் உள்ளவர்கள், ஸ்டிக்கர் கோடு போடுங்கள். பெயர்ப் பலகை செய்கிற கடையில் அளவு கொடுத்தால் வெட்டித் தருவார்கள். சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, நகர்த்தி நேராக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்துத் தள்ளி ஒட்டலாம். நான் பெயின்டர், எனக்கு அது பிடிக்காது. என்றாலும் அந்த லயத்துப் பிள்ளையின் முகம் ஞாபகம் வரும்போது ஸ்டிக்கரே ஒட்டுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

டிக்கோயாப் பையனின் சன்னி இப்போது என் முற்றத்தில் நிற்கிறது. பொங்கின இடத்தை நேற்று நானே தேய்த்து இறக்கினேன், அடியில் தகரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கைக்கட்டு அவிழ்க்க இன்னும் நாளாகும். நேற்று அவனுடைய அம்மா போன் எடுத்து, “அந்தக் கார விக்கச் சொல்லுங்க தம்பி” என்று அழுதார். விற்க வேண்டாம் அக்கா, கை ஆறட்டும், கோட்டை அவனே என் கண் முன்னால் அடிக்கட்டும் என்று சொன்னேன். ஹட்டன் பக்கத்தில் இருக்கிற மற்றத் தம்பிமாருக்கும் அதே வார்த்தைதான். வீட்டில் கழுவி, தேய்த்து, டேப் ஒட்டிக் கொண்டுவாருங்கள். வெயில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் முற்றம் திறந்திருக்கும். இடத்துக்குக் காசு வேண்டாம். மாஸ்க் ஆணியில் தொங்குகிறது, காட்ரிஜ் மட்டும் புதிதாக வாங்கிக்கொண்டு வாருங்கள். தாடியை வழித்துவிட்டு வாருங்கள்.